ஒற்றைத்தோட்டா ரைஃபிளின் பின்குறி: தேர்வும் பொருத்தலும்

ஒரு ரைஃபிளின் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே சரியாக ஒரு கஜம், அதாவது 36 அங்குலம், இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்குறியை 0.01 அங்குலம் உயர்த்தினால் 100 கஜத்தில் ரவை ஓர் அங்குலம் மேலே படும்; 1000 கஜத்தில் பத்து அங்குலம். பக்கவாட்டில் நகர்த்தினாலும் இதே கணக்குத்தான். நாம் எழுதும் சாதாரணத் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.004 அங்குலம். அந்தத் தாளளவுக்குப் பின்குறி ஆடினால் போதும், 1000 கஜத்தில் நான்கு அங்குலம் தவறிவிடும். பின்குறி பற்றிய எல்லா விவாதங்களும் இந்த எளிய விகிதத்திலிருந்தே பிறக்கின்றன. அதை எவ்வளவு நுட்பமாக நகர்த்த முடிகிறது, நகர்த்திய இடத்தில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது, நகரும்போது எந்தத் திசையில் நகர்கிறது என்று மூன்று கேள்விகள். முதல் கேள்விக்கு விற்பனைப் பட்டியல்கள் பக்கம் பக்கமாகப் பதில் சொல்கின்றன. இரண்டாவதைப் பட்டறைக்காரர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அதிக இடம் கொடுப்பதும் அதற்கே.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டாவைக் கையால் இட்டுச் சுடும் ரைஃபிள்கள் பல நாடுகளில் உருவானவை. ஆனால் அவற்றின் பின்குறி பற்றிய சிந்தனை முழுமையாக முதிர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவில். ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக், பல்லார்ட், ஸ்டீவன்ஸ், ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1885ஆம் ஆண்டின் பெயரில் வின்செஸ்டர் நிறுவனம் விற்ற ஹை வால் ஆகியவை அந்தக் காலத்துப் பெயர்கள். அவை அருங்காட்சியகத்தோடு முடிந்துவிடவில்லை. மொன்டானா மாநிலத்தின் பிக் டிம்பர் என்னும் சிற்றூரில் ஷைலோ நிறுவனம் ஷார்ப்ஸ் ரைஃபிளை இன்றும் செய்கிறது. இத்தாலியில் பெடர்சோலி நிறுவனம் அந்தக் காலத்து வடிவங்கள் பலவற்றை மறுபடி வார்க்கிறது. கருமருந்துத் தோட்டாவால் இரும்பு உருவங்களை வீழ்த்தும் போட்டி அமெரிக்காவில் உயிரோடு இருக்கிறது. 200 மீட்டரில் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் செம்மறிக்கடா. ஆகவே பின்குறி எது, எங்கே, எப்படி என்ற கேள்வி இன்று ரைஃபிள் வாங்குகிறவருக்கும் உரியதே.

இந்த ரைஃபிள்களில் பின்குறிக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்குக் காரணம் அவற்றின் ரவை. .45 அங்குல விட்டம், 500 கிரெய்னுக்கு மேல் எடை, அதாவது 32 கிராமைத் தாண்டும் ஈயம். குழலை விட்டுக் கிளம்பும்போது வேகம் வினாடிக்கு 1200 அடி, 1300 அடி. இன்றைய வேட்டை ரைஃபிள்களின் வேகத்தில் இது பாதிகூட இல்லை. 1000 கஜத்தைக் கடக்க மூன்று வினாடி ஆகும். அதற்குள் குழல் நோக்கிய நேர்கோட்டிலிருந்து ரவை ஏறத்தாழ 130, 140 அடி கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தை ஈடுசெய்யக் குழலை அவ்வளவு மேல்நோக்கிச் சாய்த்தாக வேண்டும். 100 கஜத்துக்கு வைத்த இடத்திலிருந்து 1000 கஜத்துக்குப் போக ஏறத்தாழ 150 கலை தேவைப்படும் (ஒரு பாகையில் 60 கலை). ரவைக்கும் மருந்துக்கும் ஏற்ப இது கூடும், குறையும். 36 அங்குல இடைவெளியில் 150 கலை என்பது பின்குறியை ஒன்றரை அங்குலத்துக்கும் சற்று அதிகமாக உயர்த்துவது. குழலின் மேல் உட்கார்ந்திருக்கும் சாதாரணப் பிளவுக்குறியால் இது ஆகாது.

அந்தப் பிளவுக்குறியிலிருந்தே தொடங்குவோம். குழலின் மேற்புறத்தில் அரத்தால் வெட்டிய டவ்டெயில் பள்ளத்தில் குறுக்காகத் தட்டி நுழைக்கப்படும் சிறு இரும்பு. நடுவில் ஒரு பிளவு. அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை மந்தைகளை அழித்தொழித்த வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் இதைத்தான் நம்பினார்கள். பள்ளம் இறுக்கமாக இருந்தால் இதில் உடைவதற்கோ தளர்வதற்கோ ஒன்றுமில்லை. ஷார்ப்ஸ் ரைஃபிள்களில் ரிச்சர்ட் லாரன்ஸ் வடிவமைத்த மடிக்கும் ஏணிக்குறி வந்தது. ஏணியை நிமிர்த்தி, அதில் ஏறி இறங்கும் சட்டத்தைத் தூரத்துக்கேற்ப நிறுத்தலாம். இராணுவத்துக்கும் வேட்டைக்கும் அது போதுமானது.

அதன் குறை இரும்பில் இல்லை, கண்ணில் இருக்கிறது. பிளவு, முன்குறி, இலக்கு என்று மூன்று வெவ்வேறு தூரங்களில் உள்ள பொருள்களைக் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. இருபது வயதுக் கண் மின்னல் வேகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் சமாளித்துவிடும். நாற்பதைக் கடந்த கண்ணுக்குக் கைக்கெட்டும் தூரத்திலுள்ள பிளவு மங்கிய கறையாகத்தான் தெரியும். பிளவைச் சற்று முன்னே தள்ளி வைத்தால் தெளிவு கூடும். ஆனால் இரு குறிகளுக்கும் இடையிலான தூரம் குறைந்து, பிழை பெருகும். 36 அங்குலம் 20 அங்குலமாகச் சுருங்கும்போது, அதே தாளளவுப் பிழை 1000 கஜத்தில் நான்கு அங்குலத்திலிருந்து ஏழு அங்குலத்துக்கு மேல் போகிறது.

இந்த இரட்டைச் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் டாங் குறி. ரைஃபிளின் செயல்பெட்டியிலிருந்து பின்பக்கமாக நீண்டு, மரக்கட்டையின் கழுத்துக்குள் பதிந்திருக்கும் எஃகுப் பட்டையை டாங் என்பார்கள். அதன்மேல் ஒரு தண்டை நிறுத்தி, தண்டில் ஏறி இறங்கும் வட்டில் ஒரு சிறு துளையை வைத்துவிட்டால், குறி கண்ணுக்கு மிக அருகே வந்துவிடும். இரு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம் குழல் நீளத்தையும் தாண்டிப் போய்விடும். கண் அந்தத் துளையைப் பார்ப்பதில்லை. துளையின் வழியாக முன்குறியைப் பார்க்கிறது. சிறு துளை கண்ணின் தெளிவெல்லையை நீட்டுவதால் முன்குறியும் இலக்கும் ஓரளவு சேர்ந்தே தெளிவடைகின்றன. மங்கிய வட்டத்தின் நடுவே முன்குறியை நிறுத்துவது கண்ணுக்கு இயல்பாகவே வருகிறது. அதற்குத் தனிப்பயிற்சி வேண்டியதில்லை.

இந்தக் குறிக்குப் பெயர் வாங்கித் தந்தது நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மூர் திடல். 1873இல் விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்துக் குழு அமெரிக்கர்களைப் போட்டிக்கு அழைத்தது. 1874 செப்டம்பர் 26 அன்று இரு குழுக்களும் 800, 900, 1000 கஜங்களில் சுட்டன. குழுவுக்கு ஆறு பேர், ஒவ்வொரு தூரத்திலும் ஒருவருக்குப் பதினைந்து முறை. ரைஃபிள் பத்து பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. விசை மூன்று பவுண்டு இழுப்புக்குக் குறையக்கூடாது. தொலைநோக்கிக் குறிக்கு இடமில்லை. அயர்லாந்துக்காரர்கள் ரிக்பி செய்த, குழல்வாய் வழியே மருந்திடும் ரைஃபிள்களோடு வந்தார்கள். அமெரிக்கர்கள் ஷார்ப்ஸ், ரெமிங்டன் என்ற பின்வாய்த் தோட்டா ரைஃபிள்களோடு நின்றார்கள். 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுவில் சுட்டுவிட்டதால் அந்தப் புள்ளிகள் கணக்கில் சேரவில்லை. அந்தக் காலத்தில் நடுப்புள்ளிக்கு மதிப்பு நான்கு. வெற்றியின் வித்தியாசமோ மூன்று.

இரு தரப்பிலுமே பின்பக்கம் இருந்தது துளையிட்ட வட்டும் வெர்னியர் அளவும் கொண்ட குறிதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆகவே குறியின் மேன்மையால் ஒரு பக்கம் வென்றது என்று சொல்ல முடியாது. கிரீட்மூர் உறுதிப்படுத்தியது வேறு. தோட்டாவை எப்படி இட்டாலும், அந்தத் தூரத்தில் சுட விரும்புகிறவர் தண்டும் துளையும் வெர்னியரும் உள்ள குறி இல்லாமல் களத்துக்கு வர முடியாது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் பிடித்துப் பார்த்த வெர்னியர் காலிப்பரின் அதே தத்துவம்தான் தண்டின் ஓரத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. கண்ணுக்கு எட்டாத நுண்ணளவை இரண்டு அளவுகோல்களின் கோடுகள் ஒன்றும் இடத்தைக் கொண்டு படிப்பது. சில வீரர்கள் மல்லாந்து படுத்து, கால்களை இலக்குப் பக்கம் நீட்டிச் சுட்டார்கள். அவர்களுக்காகக் கட்டையின் பின்கோடியில், தோள்தகட்டருகே தண்டை நிறுத்தும் வழக்கமும் இருந்தது. உடல் எப்படிக் கிடக்கிறதோ அதற்கேற்பக் குறி இடம் மாறியது.

வேட்டைக்காரருக்கு வேறு தேவை. கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்ஃபீல்டைச் சேர்ந்த வில்லியம் லைமன் 1879இல் காப்புரிமை பெற்ற டாங் குறி அதை நிறைவேற்றியது. துளை பெரியது, விளிம்பு மெல்லியது. கண்ணருகே வந்ததும் விளிம்பு மறைந்ததுபோல் ஆகிவிடும். முன்குறியும் விலங்கும் மட்டுமே தெரியும். பெரிய துளையில் துல்லியம் இராது என்று பலரும் நினைக்கிறார்கள். துளை பெரிதானாலும் கண் நடுவைத் தேடிக்கொள்கிறது என்பதை லைமன் குறி நிரூபித்தது. அரையிருளில் சிறு துளை ஒளியை விழுங்கிவிடும். துளையை அளவுக்கு மேல் சுருக்கினால் ஒளி வளைந்து சிதறுவதால் படமும் மங்கும். இலக்குப் போட்டிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரும் அதைச் சுற்றிய அளவுகளும் சரிவரும். மேகம் மூடிய நாளிலும் வெயில் எரிக்கும் நாளிலும் ஒரே துளை பொருந்தாது. அதனால்தான் பல அளவுத் துளைகள் கொண்ட சுழல்வட்டான ஹாட்லி வகைக் கண்வட்டு இன்றளவும் விற்கிறது. புதிதாக வாங்குகிறவர் மற்றச் செலவுகளைக் குறைத்துக்கொண்டாவது இதை வாங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. கண்ணுக்கு உதவும் பொருள் இரும்புக்கு அழகு சேர்க்கும் பொருளைவிட முக்கியம்.

எல்லா ரைஃபிளிலும் டாங் குறி நிற்காது. 1960களின் பிற்பகுதியில் வெளிவந்த ரூகர் நம்பர் 1 என்ற ஒற்றைத்தோட்டா ரைஃபிளில் பாதுகாப்பு விசை டாங்கின் மேலேயே நகர்கிறது. அங்கே தண்டை நிறுத்தினால் விசை வேலை செய்யாது. அந்த ரைஃபிளுக்குக் குழலின் மேல் ஓடும் குட்டை மேடையே பின்குறிக்கு இடம். பிரிட்டிஷ் மார்ட்டினி வகையில் குறியைத் தாங்கும்படியான மேல் டாங்கே கிடையாது. தென்னாப்பிரிக்கப் போருக்குப் பின் இங்கிலாந்தெங்கும் பரவிய .22 சிறுரைஃபிள் கழகங்களில் பி.எஸ்.ஏ. மார்ட்டினிகளுக்குச் செயல்பெட்டியின் பக்கவாட்டில் திருகிய பார்க்கர்-ஹேல் துளைக்குறிகளைப் பொருத்தினார்கள். பக்கவாட்டுப் பொருத்தலில் ஒரு நன்மை உண்டு. எஃகின் தட்டையான முகம் கிடைப்பதால் அடித்தளம் ஆடாது, சாயாது. இன்றைய ஒலிம்பிக் காற்று ரைஃபிளிலும் .22 ரைஃபிளிலும் காணும் துளைக்குறி இதே வம்சம். 2008இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றதும் ஒவ்வொன்றாகக் கையால் குண்டிட்டு, துளைக்குறி வழியே பார்த்துத்தான். அங்கே தூரம் மாறுவதில்லை. பத்து மீட்டர் எப்போதும் பத்து மீட்டர்தான். அதனால் அவர்களின் பின்குறிக்கு உயரமான தண்டு தேவையில்லை. நுண்ணிய சொடுக்குகள்தான் தேவை.

ஆகவே தேர்வு தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். டாங் தண்டுகள் பொதுவாக இரண்டு உயரங்களில் கிடைக்கின்றன, நடுத்தூரத்துக்கு ஒன்று, நெடுந்தூரத்துக்கு ஒன்று. இரும்பு உருவப் போட்டியின் 500 மீட்டருக்கு நடுத்தூரத் தண்டு தாராளமாகப் போதும். நெடுந்தூரத் தண்டைத்தான் பலரும் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். 1000 கஜத்தில் சுடாதவருக்கு அந்தக் கூடுதல் உயரம் பாரம். நீண்ட தண்டின் அடியில் நேரும் சிறு தளர்வும் நுனியில் பெருகித் தெரியும். புதரில் மாட்டும், உறையில் இடிக்கும். தண்டு உயர உயரக் கன்னம் கட்டையை விட்டு எழும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்றரை அங்குலம் உயர்ந்த துளைக்கு ஏற்பத் தலை உயரும்போது, தாழ்ந்த முதுகுள்ள வேட்டைக் கட்டையில் கன்னத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. 200 கஜத்தில் நின்று சுட்ட ஜெர்மானியக் குடியேறிகளின் ஷூட்ஸன் ரைஃபிள்களில் உயர்ந்த கன்னமேடு இருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். குறியையும் கட்டையையும் அவர்கள் தனித்தனியாக யோசிக்கவில்லை.

அடுத்தது கண்ணுக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி. பெரிய தோட்டாவின் உதைப்பில் ரைஃபிள் பின்னோக்கி வரும்போது தண்டின் வட்டு புருவத்தில் மோதக் கூடாது. வாங்குவதற்கு முன், வெறும் ரைஃபிளைத் தோளில் வைத்துப் பழகிய நிலையில், கண்ணை மூடித் தலையை இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்து, கண்ணுக்கும் டாங்கிலுள்ள துளைகளுக்கும் உள்ள தூரத்தை இன்னொருவரைக் கொண்டு அளக்க வேண்டும். நின்று சுடும்போதும், குறுக்குக் கழிகளில் குழலைத் தாங்கி உட்கார்ந்து சுடும்போதும், குப்புறப் படுத்துச் சுடும்போதும் இந்தத் தூரம் வேறுபடும். படுத்த நிலையில்தான் தலை மிகவும் முன்னே வரும். அந்த அளவே எல்லையைச் சொல்லும்.

சுத்தியல் எங்கே போகிறது என்பதும் பார்க்க வேண்டியது. ஷார்ப்ஸில் சுத்தியல் வலப்பக்கத்தில் இருப்பதால் டாங்குக்கு மேலே வழி திறந்திருக்கும். ஹை வாலில் அது நடுவில். முழுதாக இழுத்தால் தண்டை நோக்கிச் சாயும். ரோலிங் பிளாக்கில் சுத்தியலும் பின்னோக்கி வரும், டாங்கும் சரிந்து இறங்கும். அந்தச் சரிவுக்கென்றே வளைத்துச் செய்த அடித்தளம் இல்லாவிட்டால் தண்டு நிமிர்ந்து நிற்காது. டாங்கிலுள்ள திருகுத்துளைகளின் இடைவெளியும் ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். ஒரு ரைஃபிளின் பெயரில் விற்கும் குறி இன்னொன்றுக்குப் பொருந்தும் என்ற நம்பிக்கையில் வாங்கினால், துளை மறுபடி போட வேண்டிவரும். நல்ல எஃகில் தவறாகப் போட்ட துளையை முழுதாக மறைக்க வழியில்லை.

காற்றுக்கு ஈடுசெய்யும் பக்கவாட்டு நகர்வை எங்கே வைப்பது? 19ஆம் நூற்றாண்டின் நெடுந்தூரக் குறிகள் பலவற்றில் அது முன்குறியில் இருந்தது. கை எட்டாத குழல்நுனியில் உள்ள திருகைத் திருப்ப, படுத்த நிலையைக் குலைத்து எழ வேண்டும். சோல் வகைக் குறி அந்தத் திருகைத் தண்டின் அடித்தளத்துக்குக் கொண்டுவந்தது. கன்னத்தை எடுக்காமலே விரலால் திருப்பலாம். காற்று மாறிக்கொண்டே இருக்கும் திடலில் இதைவிடப் பெரிய வசதி இல்லை. பணம் இருந்தால் சோல் வகை. இல்லாவிட்டால் உறுதியான எளிய தண்டு. இரண்டுக்கும் நடுவில், நுண்திருகுகள் நிறைந்து தளர்ந்து கிடக்கும் மலிவான குறியை வாங்குவதுதான் மிக மோசமான முடிவு. திருகை ஒரு பக்கம் திருப்பி நிறுத்திய அளவும் மறுபக்கத்திலிருந்து திருப்பி நிறுத்திய அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். சிறிது வித்தியாசம் எல்லாவற்றிலும் இருக்கும். எப்போதும் கீழிருந்து மேல்நோக்கியே திருப்பி நிறுத்தினால் அது தொல்லை தராது. தண்டை நிமிர்த்தி, விரலால் பின்னும் முன்னும் பக்கவாட்டிலும் அழுத்திப் பார்த்தால் தெரியும் ஆட்டத்துக்குத்தான் மருந்தில்லை.

பொருத்தும் வேலை, ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வதிலிருந்து தொடங்குகிறது. டாங்கின் துளைகளை அடைத்திருக்கும் சிறு திருகுகளைக் கழற்றி, துளைகளில் உள்ள பழைய எண்ணெயையும் துருவையும் துடைத்து, அடித்தளத்தைத் திருகாமல் வெறுமே வைத்துப் பார்க்க வேண்டும். அது எங்காவது ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டு நின்றால், திருகை இறுக்கி அழுத்தி உட்காரவைக்கக் கூடாது. அப்படி வளைந்து உட்கார்ந்த அடித்தளம் ஒவ்வோர் உதைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அடிப்பக்கத்தில் மைபூசி, படும் இடத்தைப் பார்த்து, மெல்லிய அரத்தால் சீர்செய்வதே முறை. திருகின் நீளமும் முக்கியம். அளவுக்கு மேல் நீண்ட திருகு டாங்கைத் தாண்டி இறங்கி உள்ளே விசை அமைப்பைத் தொட்டுவிடக்கூடும். திருகியபின் விசையும் சுத்தியலும் முன்போலவே இயங்குகின்றனவா என்று பார்க்காமல் ரைஃபிளைத் திடலுக்கு எடுத்துப் போகக் கூடாது. சில ரைஃபிள்களில் டாங் திருகே கட்டையையும் பிடித்திருக்கும். அங்கே நீளம் குறைந்தாலும் ஆபத்து.

இனி மூன்றாவது கேள்விக்கு வரலாம். தண்டு செங்குத்தாக இல்லாமல் ஒரு பாகை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். கண்ணுக்கு இது தெரியாது. ரைஃபிள்காரர் 100 கஜத்தில் சுடுகிறார்; பக்கவாட்டுத் திருகால் சரிசெய்து நடுவில் கொண்டுவந்துவிடுகிறார். எல்லாம் சரியாகத்தான் தோன்றும். பிறகு 1000 கஜத்துக்குத் துளையை ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் உயர்த்துகிறார். சாய்ந்த தண்டில் ஏறும் துளை, உயர்வதோடு 0.027 அங்குலம் இடப்பக்கமும் போகிறது. பின்குறி போகும் பக்கம் ரவையும் போகும். 1000 கஜத்தில் அது 27 அங்குலம், இரண்டேகால் அடி. கிரீட்மூரில் அந்தத் தூரத்து இலக்கின் நடுச்சதுரம் மூன்றடி அகலம். நடுப்புள்ளியிலிருந்து எந்தப் பக்கமும் ஒன்றரை அடிதான். வேறு எந்தப் பிழையும் செய்யாமலே அந்த ரவை சதுரத்துக்கு வெளியே விழும். 500 மீட்டரில் பிழை ஆறேழு அங்குலமாகக் குறையும், ஆனால் மறையாது. சுடுகிறவர் காற்றைக் குறைசொல்வார், தோட்டாவைக் குறைசொல்வார், தன் கையைக் குறைசொல்வார். எல்லாத் தூரத்திலும் தனித்தனியாகப் பக்கவாட்டுத் திருத்தம் தேவைப்படுகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மையான நோய் டாங்கின்மேல் இருக்கும் ஒரு பாகைச் சாய்வுதான் என்பது என் உறுதியான எண்ணம். அரை அங்குல அகல அடித்தளத்தில் ஒரு பாகை என்பது ஓர் ஓரம் 0.009 அங்குலம் உயர்ந்திருப்பது. இரண்டு தாளின் தடிமன்.

ரைஃபிளைக் கையில் பிடிக்கும்போது நேரும் சாய்வும் இதே பிழையைத் தரும். அதற்குத்தான் நெடுந்தூர முன்குறிகளில் சிறு ரசமட்டம் வைத்தார்கள். குமிழி நடுவில் நிற்கும்போது மட்டும் விசையை இழுப்பது. ஆனால் ரசமட்டம் உண்மை சொல்வது, அதுவும் தண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால்தான். குமிழி நடுவில் நிற்க, தண்டு சாய்ந்திருந்தால், சுடுகிறவர் ஒவ்வொரு முறையும் கவனத்தோடு தவறாகவே பிடிக்கிறார். இந்த இரண்டின் ஒப்புறவே பொருத்தும் வேலையின் உயிர். குழலின் தட்டை முகத்தையோ செயல்பெட்டியின் மேற்பரப்பையோ அடிப்படையாகக் கொண்டு ரசமட்டம் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தப் பரப்புகள் ஒன்றோடொன்று ஒத்திருக்கும் என்று நம்ப முடியாது, ஒத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. முன்குறி குழலின் உச்சியிலிருந்து இம்மியளவு விலகியிருந்தால் அதைப் பக்கவாட்டுத் திருகு ஒரேயடியாகத் தீர்த்துவிடும், தூரத்தோடு வளராது. வளரும் பிழை தண்டுக்கும் ரசமட்டத்துக்கும் நடுவே உள்ளதுதான்.

சரிபார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டைவிட நல்ல கருவி இல்லை. ரைஃபிளை மரக்கவ்வியில் துணி சுற்றிப் பிடித்து, எதிரே சில அடி தள்ளித் தூக்குக்குண்டின் நூலைத் தொங்கவிட்டு, தண்டை முழு உயரத்துக்கு நிமிர்த்தி, பின்னிருந்து பார்த்துத் தண்டின் ஓரம் நூலோடு இணையும்வரை ரைஃபிளைத் திருப்ப வேண்டும். இணைந்ததும் முன்குறியின் குமிழியைப் பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இரண்டு வழி. முன்குறியின் டவ்டெயிலைச் சீர்செய்து ரசமட்டத்தைத் திருப்பலாம். அல்லது டாங் அடித்தளத்தின் ஒரு பக்கம் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துத் தண்டை நிமிர்த்தலாம். தகடு விரைவான வழி. அடித்தளத்தையே அரத்தால் சீர்செய்து முழுப்பரப்பும் படிய வைப்பது நீடித்த வழி. எந்த உதைப்பிலும் தகடு நகரக்கூடும் என்பதால் நான் இரண்டாவதையே சொல்வேன்.

கடைசித் தீர்ப்பு இலக்குத்தாளில்தான். ஆறேழு அடி உயரமுள்ள தாளில் தூக்குக்குண்டு வைத்து ஒரு செங்குத்துக் கோடு இழுத்து, அதன் அடியில் ஒரு புள்ளி வைத்து, 100 கஜத்தில் நிறுத்த வேண்டும். காற்றில்லாத காலை வேளை நல்லது. குமிழியை நடுவில் வைத்து அந்தப் புள்ளியைக் குறிபார்த்து ஐந்து முறை சுடுவது. பின்குறியை 60 கலை உயர்த்தி, அதே புள்ளியைக் குறிபார்த்து மறுபடி ஐந்து முறை. இரண்டாவது தொகுதியின் நடு, முதலாவதற்கு 63 அங்குலம் மேலே, கோட்டின் மேலேயே விழ வேண்டும். ஒரு பாகைச் சாய்வு அதை ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் விலக்கிவிடும். உயரத்தை மிகக் குறைவாக ஏற்றிச் சோதித்தால் ரவைகள் இயல்பாகச் சிதறும் அளவுக்குள் அந்த விலகல் மறைந்துபோகும்; அதனால்தான் இவ்வளவு உயரமான தாள். இதே சோதனை தண்டின் அளவுக்கோடுகள் மெய்யா என்பதையும் சொல்லிவிடும். இரு குறிகளுக்கும் இடையே 36 அங்குலத்துக்குப் பதில் 40 அங்குலம் இருந்தால், 0.01 அங்குல உயர்வு 100 கஜத்தில் 0.9 அங்குலம்தான் தரும்.

தண்டை வேண்டுமென்றே சாய்க்க வேண்டும் என்றொரு வாதமும் உண்டு. அதைக் கேட்காமல் விடுவது நியாயமில்லை. வலஞ்சுழி வரிகள் கொண்ட குழலிலிருந்து சுழன்று செல்லும் ரவை, காற்றே இல்லாவிட்டாலும் வலப்பக்கம் மெல்ல விலகும்; தூரம் கூடக்கூட விலகலும் கூடும். அமெரிக்க இராணுவத்தின் 1884 மாதிரி டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டில் பொருத்திய பஃபிங்டன் பின்குறி, உயர உயரத் தானே இடப்பக்கம் ஒதுங்கி இந்த விலகலை ஈடுகட்டியது. ஒரே தோட்டாவை ஆயிரக்கணக்கான படைவீரர்கள் சுடும் இடத்தில் அது அறிவான ஏற்பாடு. தன் தோட்டாவைத் தானே தயாரித்து, ரவையையும் மருந்தையும் மாற்றிப் பார்க்கும் இலக்கு வீரருக்கு அது பொருந்தாது. ஒரு ரவைக்குச் சரியான சாய்வு மற்றொன்றுக்குப் பிழை. தண்டைச் செங்குத்தாக நிறுத்தி, சுழல்விலகலைக் குறிப்பேட்டில் எழுதிப் பக்கவாட்டுத் திருகால் திருத்துவதே தெளிவானது. எது எதனால் விலகுகிறது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.

குறிப்பேட்டில் தூரத்துக்கான அளவோடு ஒளியையும் எழுத வேண்டும். வெயில் ஏறும்போது முன்குறியின் விளிம்பு கண்ணுக்கு மாறித் தெரியும், படும் இடமும் சிறிது மாறும். குழலின் மேலுள்ள பழைய பிளவுக்குறி பார்வைக் கோட்டை மறைத்தால் அதைக் கழற்றி, பள்ளத்தில் வெற்று இரும்பு அடைப்பைத் தட்டி வைத்துவிடலாம். கழற்றியதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

துளையில்லாத டாங்கோடு வரும் பழைய ரைஃபிள்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் செய்த அசல் ஷார்ப்ஸோ பல்லார்டோ கையில் கிடைத்து, அதன் டாங்கில் துளை இல்லையென்றால், புதிதாகத் துளையிட்டு மரை போடக் கூடாது. மேற்பரப்பைக் கடினப்படுத்திய எஃகில் துளைப்பான் வழுக்கிவிடும், துளை கோணிப்போகும். அப்படிக் கோணாமல் போட்டாலும், அந்த ரைஃபிள் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான சாட்சியம் அங்கே அழிந்துவிடுகிறது. சுட விரும்புகிறவருக்கு மொன்டானாவிலும் இத்தாலியிலும் துளையோடு செய்த புதியவை கிடைக்கின்றன. பழையதை அதன் பிளவுக்குறியோடே 100 கஜத்தில் சுட்டுவிட்டுத் துடைத்து வைக்கலாம்.